மதுரைப் பகுதியிலிருந்து இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போக விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு கல்லூரியில் 22 ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்து வருகிறேன். உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் திருமங்கலத்துக்கும் பேருந்து பிடிக்க ஓடும் அவசரத்திலும் மாணவர்கள் என்னை வராந்தாவில் நிறுத்திக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெற்றோர் கேட்டவையும் சில உண்டு. தேர்வு விதிகளும் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை முழுமையாகப் படித்துவிடுங்கள்.

இவ்வளவு போட்டியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்குமா?

கிடைக்கிறது. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பையும் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் மேற்படிப்பையும் தொடர்ந்த கே.எஸ். கிருஷ்ணன், 1928இல் கல்கத்தாவில் சி.வி. இராமனோடு இணைந்து, பின்னாளில் இராமன் விளைவு என்று பெயர்பெற்ற ஒளிச்சிதறலைக் கண்டறிந்த ஆய்வில் பங்கேற்றார். புது தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். ஆனால் அவர் காலத்துப் போட்டி வேறு, இன்றைய போட்டி வேறு. அவர் பெயரைச் சொல்லி உங்களுக்கு உற்சாகமூட்டிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை.

நான் பார்த்தவரை, இந்தப் பகுதி மாணவர்களின் கையை விட்டுப் போவது பெரும்பாலும் தேதிதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம், இளநிலை மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, "சார், ஜாம்னு ஒரு பரீட்சை இருக்காமே, அதுக்கு எப்ப போடணும்?" என்று கேட்டாள். அவள் கையில் ஒரு நீள நோட்டு இருந்தது. மின்னூட்டம் பெற்ற வட்டத் தகட்டின் அச்சில் மின்புலம் எவ்வளவு என்பதை மூன்று வழிகளில் கணக்கிட்டு, மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று ஓரத்தில் பென்சிலால் சரிபார்த்திருந்தாள். அப்படிச் சரிபார்க்கும் பழக்கம்தான் ஆராய்ச்சியின் தொடக்கம். ஆனால் ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் முதுநிலை படிக்க எழுதும் ஜாம் தேர்வுக்கான விண்ணப்பம் அக்டோபரிலேயே முடிந்துவிட்டிருந்தது. அந்த ஓராண்டை அவள் வீட்டிலிருந்தே படித்துக் கழித்து, மறு ஆண்டு எழுதித் தேறினாள். ஓராண்டு காத்திருக்க வீட்டில் சம்மதித்ததால் அது முடிந்தது. சம்மதிக்காத வீடுகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

போட்டி உண்மையில் எவ்வளவு கடுமையானது?

ஒரு சிறு கணக்கே போதும். முப்பது ஆண்டு பணியாற்றும் ஒரு பேராசிரியர் பத்துப் பேரை முனைவர் பட்டத்துக்கு வழிநடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஓய்வு பெறும்போது காலியாவது ஒரே ஒரு நாற்காலி. மீதி ஒன்பது பேருக்குப் புதிய நிறுவனங்கள் முளைக்க வேண்டும், அல்லது அவர்கள் வேறு துறைக்குப் போக வேண்டும். 2006 தொடங்கி ஐசர் என்னும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் ஏழு ஊர்களில் திறக்கப்பட்டபோது பலருக்கு இடம் கிடைத்தது. அப்போது இளம் வயதில் சேர்ந்தவர்கள் இன்னும் பல ஆண்டுகள் பணியில் இருப்பார்கள் என்பதால், அந்தக் கதவு இப்போது அதே வேகத்தில் திறப்பதில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் காலியிடங்கள் உண்டு. அவற்றை நிரந்தரமாக நிரப்புவதற்குப் பதிலாகக் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்புகளை நடத்துவது வழக்கமாகிவிட்டது. இது எனக்கு மிகுந்த வேதனை தரும் விஷயம்.

காலக்கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். இளநிலைக்கு மூன்று ஆண்டு, முதுநிலைக்கு இரண்டு, முனைவர் பட்டத்துக்கு ஐந்து முதல் ஆறு, அதன்பின் போஸ்ட்டாக் எனப்படும் முதுமுனைவர் ஆய்வுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகிறது. நிரந்தர வேலை கிடைப்பதானால் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதில்தான் கிடைக்கும். அதுவரை கையில் வருவது உதவித்தொகை மட்டுமே.

எந்தத் தேர்வுகளுக்கு, எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை இளநிலை இரண்டாமாண்டிலேயே கேட்பவருக்குப் பாதிச் சுமை குறைந்துவிடும்.

ஐ.ஐ.டி.களிலும் வேறு பல உயர்நிறுவனங்களிலும் முதுநிலை இயற்பியல் படிக்க ஜாம் தேர்வு எழுத வேண்டும். வழக்கமாகச் செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பித்து, பிப்ரவரியில் எழுத வேண்டியிருக்கும். மூன்று மணி நேரத்தில் 60 வினாக்கள், மொத்தம் 100 மதிப்பெண். ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் தவறுக்கு மதிப்பெண் குறையும். ஒன்றுக்கு மேற்பட்ட விடையுள்ள வினாக்களிலும் எண்ணாக விடை எழுதும் வினாக்களிலும் குறையாது. இதை அறியாமல் எண் வினாக்களை வெற்றாக விட்டுவிட்டு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு தனி. அதற்கும் மூன்றாமாண்டிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

மும்பையில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் தனக்கென ஒரு தேர்வு நடத்துகிறது. அதற்கான விண்ணப்பம் ஆண்டின் கடைசி மாதங்களில் முடிந்துவிடும். சென்னைக் கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் போன்றவை ஜெஸ்ட் என்னும் கூட்டு நுழைவுத் தேர்வின் வழியே ஆள் எடுக்கின்றன. இளநிலை முடித்தவுடனேயே முதுநிலையும் முனைவர் பட்டமும் சேர்ந்த ஒருங்கிணைந்த படிப்பில் சேரும் வழியும் உண்டு. அதில் முதல் ஆண்டிலிருந்தே உதவித்தொகை கிடைப்பதால், பணக் கஷ்டம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இதையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

முதுநிலைக்குப் பிறகு, ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்குமான தகுதித் தேர்வாகிய நெட் தேர்வு, ஆண்டுக்கு இரு முறை. இயற்பியலுக்கு இது சி.எஸ்.ஐ.ஆர். என்னும் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவும் யு.ஜி.சி. என்னும் பல்கலைக்கழக மானியக் குழுவும் சேர்ந்த கூட்டுத் தேர்வு; அவற்றுக்காக இதை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. மொத்தம் 200 மதிப்பெண். பொது அறிவுத்திறன் பகுதிக்கு 30, இரண்டாம் பகுதிக்கு 70, ஆழமான சிந்தனை கேட்கும் மூன்றாம் பகுதிக்கு 100. மூன்றாம் பகுதியில் 30 வினாக்களில் 20க்கு மட்டுமே விடையளிக்க வேண்டும். எந்தப் பத்தை விடுவது என்று தீர்மானிக்கும் திறமையும் ஒரு படிப்புதான். இளையர் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். பெற்றால், 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாயும் பிறகு 42,000 ரூபாயும், இவற்றோடு வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். உதவித்தொகையைத் தன்னோடு கொண்டு வரும் மாணவருக்கு, ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கூடுகிறது. பணத்தைவிட இந்த உரிமையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். ஆங்கிலம் தடையாக இருக்குமா?

முதல் ஓராண்டு இருக்கும். ஜாம் தேர்வும் நெட் தேர்வும் தமிழில் இல்லை. ஆனால் இயற்பியல் பாடநூலின் ஆங்கிலம் குறுகியது. ஏறக்குறைய அறுநூறு எழுநூறு சொற்கள் பிடிபட்டால் பெரும்பகுதி படித்துவிடலாம் என்பது என் அனுபவக் கணிப்பு. தினமும் ஒரு பக்கம் படித்து, அதில் சொன்னதை உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ தமிழில் விளக்கிப் பாருங்கள். தமிழில் சொல்ல முடியவில்லையென்றால் விஷயம் இன்னும் விளங்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவருக்கு இந்தச் சோதனை வாய்ப்பதில்லை. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். காணொளி வகுப்புகள் இலவசம். ஒரு முறை புரியாவிட்டால் நிறுத்தி மீண்டும் கேட்கலாம். நேர்காணலில் இலக்கணப் பிழையோடு பேசியவர்களும் தேர்வாகியிருக்கிறார்கள். கரும்பலகையின் முன் சாக்பீஸைப் பிடித்தபடி, "இது எனக்குத் தெரியவில்லை, ஆனால் இப்படித் தொடங்குவேன்" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

எங்கள் கல்லூரியில் நல்ல ஆய்வகம் இல்லை. ஆராய்ச்சி அனுபவம் எங்கே பெறுவது?

ஆய்வகம் இல்லாமலே, வெளியிடப்பட்ட தரவுகளைக் கொண்டு தொடங்கலாம். கோடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளின் விளிம்புப் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் அங்கேதான் 1909இல் கண்டார். இன்றும் அந்தப் பாய்வு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நூறாண்டுக்கும் மேலாக அங்கு எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் எண்மமாக்கப்பட்டு ஆய்வுக்குக் கிடைக்கின்றன. ஒரு மடிக்கணினியும் பைத்தான் என்னும் கணினி மொழியில் சிறிது பயிற்சியும் இருந்தால், ஒரு சூரியப் புள்ளி நாளுக்கு நாள் நகர்வதை அளந்து, சூரியன் சுழலும் காலத்தை நீங்களே கணக்கிடலாம். ஈர்ப்பலைக் கருவிகளின் தரவும் ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் தரவில் ஒரு பகுதியும் இதே போல் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டுள்ளன. விலைக்கு வாங்கிய புராஜெக்ட்டைப் பைண்டிங் செய்து சமர்ப்பிப்பதைவிட, நீங்களே தடுமாறிச் செய்த இத்தகைய ஒரு சிறு வேலைக்கு நேர்காணலில் நூறு மடங்கு மதிப்புண்டு.

இந்தியாவின் அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்திட்டத்துக்கும் விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஓர் உண்மையான ஆய்வுக்குழுவோடு இருந்து பார்த்தபின், இந்த வாழ்க்கை நமக்குப் பிடிக்குமா என்பது தெரிந்துவிடும். பிடிக்காது என்று தெரிவதும் நன்மையே.

முதுநிலையை மதுரையிலேயே படிக்கலாமா, வெளியூர் போக வேண்டுமா?

மதுரையில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 1966இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் அதைவிட மூத்த கல்லூரிகளும் இங்கே உள்ளன. ஆனாலும் இடம் கிடைத்தால் வெளியே போங்கள் என்பதே என் கருத்து. உடன் படிப்பவர்களில் பத்துப் பேர் ஆராய்ச்சிக்குத் தயாராகும் வகுப்பில், எந்த விண்ணப்பம் எப்போது முடிகிறது என்று எவரும் தனியாகத் தேட வேண்டியதில்லை. செய்தி விடுதி உணவறையிலேயே காதில் விழும். இங்கேயே படிப்பவர்கள் அந்தச் செய்தியைத் தேடிப் பெற வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து வாரம் இரு நாள் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பாருங்கள். தனியாகப் படித்துத் தேறியவர்களை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன்.

நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளரின் குணமும் உழைப்பும் உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். இதை நான் பட்டறிந்தே எழுதுகிறேன். என் ஆய்வேட்டின் கடைசி வடிவம் என் நெறியாளரின் மேசையில் 14 மாதம் கிடந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய் நிற்பேன். மேலே வைத்த கோப்புகள் மாறுமே தவிர, அடியில் இருந்த என் ஆய்வேட்டின் நீல அட்டை நகரவில்லை. அதற்குள் நான் போட்டிருந்த முதுமுனைவர் விண்ணப்பம் ஒன்று காலாவதியானது. அவரிடம் சேரும் முன் அவருடைய பழைய மாணவர் ஒருவரிடம் பேசியிருந்தால் எனக்கு இது தெரிந்திருக்கும். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டேன்.

நீங்கள் கேளுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் உள்ளன. அதில் நெறியாளரின் பெயரைக் கொண்டு தேடினால், அவரிடம் பட்டம் பெற்றவர்கள் யார், எந்த ஆண்டில் முடித்தார்கள் என்று தெரியும். அவர்களில் இருவருக்காவது மின்னஞ்சல் எழுதி, எத்தனை ஆண்டு ஆனது, கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலில் வந்ததா, இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். பெண் வீட்டையும் மாப்பிள்ளை வீட்டையும் நாலு பேரிடம் விசாரிக்கும் நாம், ஐந்தாறு ஆண்டு ஒருவரிடம் ஒப்படைக்கும் முன் விசாரிக்கக் கூச வேண்டியதில்லை. யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே வழிநடத்தலாம். ஏற்கெனவே இடம் நிரம்பியவரிடம் வாய்மொழி வாக்குறுதியை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பணம் வாங்கிக்கொண்டு பத்தே நாளில் கட்டுரை வெளியிடும் இதழ்களின் பக்கம் போகவே வேண்டாம். ஆய்வேடு சமர்ப்பிக்க ஆய்விதழில் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகள் நீக்கிவிட்டன. நல்ல இதழில் வந்த இரண்டு கட்டுரைகள், பெயர் தெரியாத இதழ்களில் வந்த இருபதைவிட உங்களைத் தூரம் கொண்டுபோகும்.

கோட்பாடா, சோதனை இயற்பியலா?

எது தூக்கத்தைக் கெடுக்கிறதோ அது. கோட்பாட்டில் இடங்கள் குறைவு, போட்டி மிகுதி. சோதனையில் கருவியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவருக்குத் தொழில்துறையிலும் வேலை உண்டு. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேனி நியூட்ரினோ ஆய்வகத்தை நம்பித் திட்டமிடலாமா?

ஒரே திட்டத்தை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம். தேனி மாவட்டத்துப் பொட்டிபுரம் அருகே மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்னும் நுண்துகள்களை ஆராய 50,000 டன் இரும்பு உணர்கருவியை அமைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய். காடும் நீராதாரமும் பாதிக்கப்படும் என்ற எதிர்ப்பு மக்களிடம் எழுந்தது. வழக்குகள் நடந்தன. 2022இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. அந்த மக்களின் கவலையை நான் இலேசாக எண்ணவில்லை. அதே வேளை, அந்தக் கருவியின் 85 டன் சிறு மாதிரியை மதுரையில் அமைத்து, வானிலிருந்து பொழியும் மியூயான் துகள்களைப் பதிவு செய்தார்கள். உள்ளங்கையை வானம் பார்க்க விரித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு மியூயான்கள் அதைத் துளைத்துச் செல்கின்றன. அவற்றை எண்ணக் கற்றவர்கள் உலகின் எந்த ஆய்வகத்திலும் அந்தத் திறமையைப் பயன்படுத்தலாம். திட்டம் நின்றாலும் கைவிட்டுப் போகாத திறமை எது என்று பார்த்துத் தலைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

கௌரவ விரிவுரையாளராக இருந்துகொண்டே நெட் தேர்வுக்குப் படிக்கலாமா?

ஓராண்டு படிக்கலாம். அதற்கு மேல் போனால் கவனம் தேவை. ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019இலேயே வழிகாட்டியது, என் கண்ணெதிரே பலர் அதைவிட மிகக் குறைந்த தொகைக்குக் கையெழுத்திடுகிறார்கள். வாரம் பதினாறு மணி நேர வகுப்பு, விடைத்தாள் திருத்தம், ஆய்வகப் பதிவேடு என்று மாலை ஆகிவிடும். நிரந்தர உதவிப் பேராசிரியரின் அடிப்படை ஊதியம் யு.ஜி.சி. அளவில் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. அருகருகே இரு வகுப்பறைகளில் ஒரே பாடத்தை நடத்தும் இருவருக்கிடையே இவ்வளவு வேறுபாடு இருப்பது அநியாயம். அடுத்த அறிவிப்பில் நிரந்தரமாகிவிடும் என்ற நம்பிக்கையிலேயே பத்தாண்டைக் கழித்த நல்ல ஆசிரியர்களை எனக்குத் தெரியும். நீங்கள் சேரும் நாளிலேயே வெளியேறும் தேதியையும் நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளையை இத்தனை ஆண்டு படிக்க வைத்தால் திருமணம் என்னாவது?

இதைக் கேட்கும் பெற்றோரை நான் கடிந்துகொள்வதில்லை. ஊர்ப் பேச்சைத் தாங்க வேண்டியவர்கள் அவர்கள்தானே. அவர்களிடம் இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். ஜே.ஆர்.எஃப். பெற்ற பெண் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டு வீட்டுக்கும் அனுப்புகிறாள். முனைவர் பட்டத்துக்கு வழக்கமான உச்ச வரம்பு ஆறு ஆண்டு. அதற்குமேல் பல்கலைக்கழகம் தரும் நீட்டிப்போடு பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டும், படிப்புக் காலம் முழுவதற்கும் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் விதிகளிலேயே உள்ளன. மாப்பிள்ளை பார்க்கும்போது இந்தக் கடைசி வரியை மட்டும் அந்த வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்பேன். மாணவிகளுக்குத் தனியாக ஒன்று: படிப்பை நிறுத்தும் முடிவை உங்களுக்காக வேறொருவர் எடுக்க விடாதீர்கள்.

பேராசிரியர் வேலை கிடைக்காவிட்டால் வேறு என்ன வழி?

கல்பாக்கத்திலும் மும்பையிலும் உள்ள அணுசக்தித் துறை நிறுவனங்கள் பயிற்சிப் பள்ளி வழியாக இயற்பியல் பட்டதாரிகளை அறிவியல் அலுவலர்களாக எடுக்கின்றன. புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர் ஆக, முதுநிலை இயற்பியலுக்குப் பிறகு அதற்கான பட்டயப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் தேவை. மதுரையிலேயே அந்த வேலை இருக்கிறது. பி.எட். முடித்தவருக்கு முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் தேர்வு உண்டு. தரவு அறிவியலுக்கும் குறைக்கடத்தித் துறைக்கும் போனவர்களும் என் மாணவர்களில் உள்ளனர். அவர்களைத் தோற்றவர்கள் என்று எவராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நெட் தேர்வில் மூன்று முறை தவறிவிட்டேன். நிறுத்திவிடலாமா?

முதலில் மூன்று மதிப்பெண் பட்டியல்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்து கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே நின்றிருந்தால், இன்னும் இரு முறை எழுதுங்கள். 2024 முதல் நெட் மதிப்பெண் கொண்டே, உதவித்தொகை இல்லாமல், முனைவர் பட்டச் சேர்க்கை மட்டும் பெறும் தனிப் பிரிவும் வந்திருக்கிறது. அதன் வழியே சேர்ந்துவிட்டு, நெறியாளரின் ஆய்வுத் திட்டத்தில் ஊதியம் பெறும் வாய்ப்பைத் தேடலாம். மதிப்பெண் மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றிருந்தால், படித்த முறையில்தான் கோளாறு இருக்கிறது. அதே முறையில் நான்காவது முறையும் எழுதாதீர்கள். மூன்றாம் பகுதியில் நீங்கள் தவறவிட்ட வினாக்களை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை மதியம் துறைக்கு வாருங்கள். கரும்பலகை காலியாகத்தான் இருக்கும். நீங்கள் போடுங்கள், எங்கே நிற்கிறீர்கள் என்று சேர்ந்து பார்ப்போம்.